ஒளி வளைந்த வரலாறு – 7: இரண்டாம் சாட்சி

1919ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தின்போது, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்ஸிபே தீவில் எடிங்டனும், பிரேஸில் நாட்டு ஸோப்ரால் நகரில் கிராம்மெலினும் டேவிட்ஸனும் எடுத்த போட்டோத் தகடுகளைக் கொண்டு, சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி ஐன்ஸ்டைன் கணித்திருந்த 1.75 விகலையை ஒட்டிய அளவுக்கு வளைகிறது என்னும் உண்மை ஸ்தாபிக்கப்பட்ட விதத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பது கணக்கு. ஆகவே இந்த வளைவு, முழு நிலவின் விட்டத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறைவிடவும் சற்றுக் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து, 1922 செப்டம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் லிக் வானாராய்ச்சி நிலையத்துக் காம்ப்பெல் குழுவினர் எடுத்த தகடுகள் எஞ்சியிருந்த ஐயத்தையும் பெரும்பாலும் போக்கின. நம் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் ஜான் எவர்ஷெட்டும் அந்தக் கிரகணத்தின்பொருட்டு அதே கரைக்குச் சென்றிருந்தார்.

இவ்வளவில் ஒளி வளைவின் காரியம் முடிந்துவிட்டதென்றே அறிஞர் பலரும் எண்ணினார்கள். சார்பியல் கொள்கை என்னும் வழக்கில் அது ஒரு சாட்சி. ஐன்ஸ்டைனுக்கு அனுகூலமாகச் சாட்சியம் சொல்லிற்று. வழக்கும் அவர் பக்கம் தீர்ந்தது. ஆகவே சாட்சிக் கூண்டை விட்டு இறங்கி அது தன் வீட்டுக்குப் போய்விட்டது. அதே சாட்சியை முற்றிலும் வேறான ஒரு வழக்கில் மறுபடியும் கூப்பிட வேண்டிவரும் என்றோ, அழைப்பு அனுப்பியபின் அது வந்து சேர ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்றோ அக்காலத்தில் யாரும் நினைக்கவில்லை. அந்த இரண்டாம் வழக்கின் கதையே இந்த அத்தியாயம்.

வழக்கைத் தொடுத்தவர் பிரிட்ஸ் ஸ்விக்கி. 1898இல் பல்கேரியாவின் வார்னா துறைமுக நகரில் பிறந்து, தந்தையின் தாய்நாடான ஸ்விட்ஸர்லாந்தில் வளர்ந்து, ஸூரிக் நகரில் பௌதிகம் பயின்று, 1925இல் அமெரிக்காவின் பாஸடீனா நகரத்துக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். கூர்மையான புத்தியும் அதைவிடக் கூர்மையான நாவும் படைத்தவர். சக விஞ்ஞானிகளைத் தாட்சண்யமின்றி வைவார். பத்துக் கருத்துகளைத் துணிந்து சொல்லுவார். அவற்றுள் சில விபரீதமாகவும் சில தீர்க்கதரிசனமாகவும் அமையும். எது எந்த ரகம் என்று பிரித்தறியப் பிறருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவருடைய நல்ல கருத்துகள் சில நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததற்கு அவருடைய சுபாவமும் ஓரளவு காரணம் என்று சொல்லுவதுண்டு.

கோமா பெரனிசஸ் என்று மேலைநாட்டார் பெயரிட்ட மங்கலான நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், நட்சத்திரங்களையெல்லாம் கடந்து முப்பது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் ஒரே திரளாக மொய்த்திருக்கின்றன. நம் பால்வீதியைப் போன்றவையும் அதனிற் பெரியவையும் சிறியவையுமான அந்த மண்டலங்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனினும் மொத்தக் கூட்டத்தின் ஆகர்ஷணம் அவற்றைச் சிதறவிடாமல் கட்டிவைத்திருக்கிறது. ஒரு மண்டலத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலுள்ள கோடுகள் சிவப்பை நோக்கி எவ்வளவு பெயர்ந்திருக்கின்றன என்று அளந்தால், அந்த மண்டலம் பார்வைத் திசையில் எவ்வளவு வேகத்தில் செல்லுகிறது என்பது தெரியும். மவுண்ட் வில்ஸன் மலையின் பெரிய தொலைநோக்கியைக் கொண்டு ஹப்பிளும் ஹ்யூமாஸனும் கோமாத் திரளின் சில மண்டலங்களுக்கு இவ்வாறு அளந்துவைத்திருந்த வேகங்களை ஸ்விக்கி எடுத்துக்கொண்டார்.

1933இல் ஸ்விட்ஸர்லாந்தின் பௌதிக சஞ்சிகை ஒன்றில் ஜெர்மன் மொழியில் அவர் பிரசுரித்த கணக்கு மிக எளியது. திரளில் 800 மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 100 கோடி சூரியன்களின் எடை, திரளின் ஆரம் பத்து லட்சம் ஒளியாண்டு என்று அக்காலத்து மதிப்புகளை வைத்துக்கொண்டால், இத்தகைய கூட்டத்தில் மண்டலங்களின் வேகங்கள் ஒன்றுக்கொன்று வினாடிக்கு 80 கிலோமீட்டர் அளவிலேயே வேறுபட வேண்டும்; அளந்து கண்ட வேற்றுமையோ வினாடிக்கு 1,000 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. அவ்வளவு வேகத்தில் ஓடுபவற்றைக் கட்டிவைக்க வேண்டுமானால், ஒளிரும் பொருளின் எடையைப் போலக் குறைந்தது 400 மடங்கு எடை அங்கே இருந்தாக வேண்டும். ஒளிராத அந்த எடையை அவர் இருண்ட பொருள் என்று குறித்தார். பிற்காலத்தில் தூர அளவுகள் திருத்தப்பட்டபோது அந்த 400 வெகுவாகக் குறைந்துபோயிற்று. ஆனால் பற்றாக்குறை மறையவில்லை. 1936இல் ஸின்க்ளேர் ஸ்மித் என்பவர் கன்னித் திரளுக்குச் செய்த கணக்கிலும் அதே பற்றாக்குறை தலைகாட்டியது.

எனினும் இந்தச் சாட்சியத்தில் குறுக்கு விசாரணைக்கு நிரம்ப இடமிருந்தது. வேகத்திலிருந்து எடையை வருவிக்கும் வழி, திரள் நெடுங்காலமாக நிலைபெற்று அடங்கிய ஒரு கூட்டம் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. அக்கூட்டம் அடங்கியதே அன்று, இப்பொழுதுதான் வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் வாதித்தால், வேகம் மிகுந்திருப்பதில் வியப்பே இல்லை. இருண்ட பொருளும் வேண்டியதில்லை. ஆர்மீனியாவின் அம்பார்ட்ஸுமியான் 1950களில் இவ்வாறே வாதித்தார். அவர் சாமானியரல்லர், அக்காலத்துத் தலைசிறந்த வான சாஸ்திரிகளுள் ஒருவர். ஆகவே வழக்குக்கு வேண்டியிருந்தது, மண்டலங்களின் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அங்குள்ள எடையை மட்டும் சொல்லக்கூடிய வேறொரு சாட்சி.

அந்தச் சாட்சிக்கு அழைப்புப் போன விதம் விசித்திரமானது. செக் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ரூடி மாண்டல் என்னும் எஞ்சினியர் ஒருவர், நல்ல வேலை கிடைக்காமல் உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவி ஜீவித்தவர், 1936ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் வாஷிங்டன் நகரின் ஸயன்ஸ் சர்வீஸ் என்னும் அறிவியல் செய்தி நிறுவனத்துக்கு ஒரு யோசனையோடு வந்தார். ஒரு நட்சத்திரத்துக்கு நேர் பின்னால் இன்னொரு நட்சத்திரம் அமைந்துவிட்டால், முன்னதன் ஆகர்ஷணம் பின்னதன் ஒளியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நம்மை நோக்கி வளைத்து, ஒரு வில்லையைப் போலக் குவித்துக் காட்டுமல்லவா என்பது அவருடைய கேள்வி. அத்தோடு நில்லாமல், அப்படிக் குவிந்த கதிர்களே பூமியில் பழைய உயிரினங்கள் அழிந்துபோனதற்கும் காரணமாயிருக்கலாம் என்று அவர் கற்பனையை ஓடவிட்டார். நிறுவனத்தார் அவரை ஏளனம் செய்து அனுப்பிவிடாமல், பிரின்ஸ்டன் சென்று ஐன்ஸ்டைனையே கண்டு கேட்டுக்கொள்ளும்படி வழிச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஐன்ஸ்டைன் பொறுமையாகக் கேட்டார். கணக்கையும் போட்டுப் பார்த்தார். மாண்டல் விடாமல் வற்புறுத்தவே, 1936 டிசம்பர் 4ஆம் தேதி வெளிவந்த ஸயன்ஸ் பத்திரிகையில் அதை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். குறிப்பின் தொடக்கத்திலேயே, வந்து கேட்டுக்கொண்டவரின் விருப்பத்தை நிறைவேற்றவே இதை எழுதுவதாகச் சொல்லிவிட்டு, இந்த நிகழ்ச்சியை நேரில் காணும் நம்பிக்கை சிறிதும் இல்லை என்றும் எழுதினார். பத்திரிகை ஆசிரியருக்குத் தனியே எழுதிய கடிதத்தில், இதற்குப் பெரிய மதிப்பு ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஏழை மனிதருக்குச் சந்தோஷமாயிருக்கும் என்ற கருத்தையும் தெரிவித்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே கணக்கை அவர் 1912ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் போட்டுப் பார்த்திருந்தார் என்பது, அவர் காலமாகி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டை ஆராய்ந்தவர்களுக்குத் தெரியவந்தது. அன்றும் பயனில்லை என்றே அவர் அதை ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். 1924இல் ரஷ்ய அறிஞர் ஷ்வால்ஸன், முன்னும் பின்னும் மிகச் சரியாக நேர்பட்டால் பின் நட்சத்திரம் ஒரு வளையமாகவே தெரியும் என்று எழுதிய அரைப் பக்கக் குறிப்பும் அவ்வாறே மறதியில் கிடந்தது.

கண்ணாடி வில்லைக்கும் இந்த ஆகர்ஷண வில்லைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி வில்லையில், நடுவில் புகும் கதிர் நேராகச் செல்லும். விளிம்புக்குப் போகப் போக வளைவு மிகும். அதனால்தான் எல்லாக் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடித் தெளிவான உருவம் கிடைக்கிறது. ஆகர்ஷணத்திலோ, நடுவை நெருங்கிச் செல்லும் கதிரே அதிகம் வளைகிறது. விலகிச் செல்வது குறைவாக வளைகிறது. ஆகையால் தெளிவான உருவம் கிடைக்காது. நேர் பின்னாலுள்ள பொருள் வளையமாகும். சற்று விலகியிருப்பது வில்லாக நீளும், அல்லது இரண்டு மூன்று உருவங்களாகப் பிளந்து தோன்றும். மற்றொரு வேற்றுமை, கண்ணாடி நீலத்தை ஒரு விதமாகவும் சிவப்பை வேறு விதமாகவும் வளைக்கும். ஆகர்ஷணத்துக்கு நிறபேதம் கிடையாது. பின்னாலுள்ள பொருளின் நிறம் எதுவோ, வளைந்த உருவத்தின் நிறமும் அதுவே. இந்த இரண்டாம் குணம் பின்னால் நமக்குப் பெரிதும் உதவப்போகிறது.

ஐன்ஸ்டைனின் அவநம்பிக்கை கணக்கின்படி நியாயமானதே. சில ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் சூரியனை ஒத்த ஒரு நட்சத்திரம் நின்று, அதே அளவு தொலைவு தள்ளி இன்னொன்று பின்னே நின்றால், உண்டாகும் வளையத்தின் ஆரம் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றைய தொலைநோக்கி எதிலும் அது தனி வளையமாகப் புலப்படாது. ஆனால் அந்த ஆரம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லையின் எடை கூடினால், எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது பெருகும். தூரங்கள் கூடினால், தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறுகும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மண்டலத் திரளை வைத்துப் பார்ப்போம். எடை கோடி கோடி மடங்கு ஆகிறது. அதனால் ஆரம் ஒரு கோடி மடங்கு பெருகும். தூரங்கள் பத்து லட்சம் மடங்கு ஆகின்றன. அதனால் ஆரம் ஆயிரம் மடங்கு குறுகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பத்தாயிரம் மடங்கு ஆதாயம். விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்காயிருந்தது பத்து விகலை ஆகிவிடுகிறது. நட்சத்திரத்தை வைத்து நோக்கினால் நடவாத காரியம், திரளை வைத்து நோக்கினால் சாதாரணத் தொலைநோக்கிக்கே எட்டக்கூடிய காரியமாகிறது.

இந்த ஆதாயத்தை முதலில் கண்டுகொண்டவர் ஸ்விக்கி. மாண்டல் தம் யோசனையை ஐன்ஸ்டைனிடம் மட்டுமன்றி வேறு பலரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்; டெலிவிஷன் கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்வொரிகின் அவர்களிலொருவர்; ஸ்வொரிகின் அதை ஸ்விக்கியின் காதில் போட்டார். 1937இல் அமெரிக்கப் பௌதிக சஞ்சிகையான பிஸிகல் ரெவ்யூவில் ஸ்விக்கி அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் பிரசுரித்தார். அவர் அங்கே எடுத்துக்கொண்டது தனித்தனி மண்டலங்களைத்தான். ஆனால் திரள்களின் வேகங்களிலிருந்து தமக்குக் கிட்டியிருந்த கனமான எடையை அவற்றுக்குக் கொடுத்தே கணக்கிட்டார். அப்படிக் கணக்கிட்டபோது, வில்லையாகச் செயற்படும் ஒரு மண்டலத்தைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய நிச்சயம் என்ற முடிவுக்கு வந்தார். அதனால் விளையும் பயன்களையும் மூன்றாகப் பகுத்துச் சொன்னார்: சார்பியல் கொள்கைக்குப் புதியதொரு சோதனை, எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத தூரத்துப் பொருள்களைப் பெருக்கிக் காணும் வாய்ப்பு, மண்டலங்களின் எடையை நேரே அளக்கும் வழி. அதே ஆண்டு திரள்களின் எடை பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையிலும், எடை அளக்கும் வழிகளுள் ஒன்றாக வில்லையைச் சேர்த்துக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் முதற் சாட்சியை யாரும் நம்பாத நிலையில், இரண்டாம் சாட்சியின் பெயரையும் முகவரியையும் அவர் இவ்வாறு பதிவு செய்துவைத்தார்.

எனினும் சாட்சி வரவில்லை. பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி வந்தது. அதைக் கொண்டு 1949 முதல் வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார்கள். அத்தகடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஆராய்ந்து ஜார்ஜ் ஏபெல் 1958இல் 2,712 திரள்களுக்கு வரிசை எண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். ஸ்விக்கியும் தம் பங்குக்கு ஆறு தொகுதிகளில் மண்டலங்களையும் திரள்களையும் பட்டியலிட்டார். ஆயிரக்கணக்கான திரள்கள் கைவசம் இருந்தும் ஒரு வில்கூட அகப்படாமற் போனதன் காரணம் தகட்டில் இருந்தது. போட்டோத் தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கையே பதிவு செய்யும். திரளின் பிரகாசமான மண்டலங்களுக்கு இடையே இழைபோல மெலிந்து கிடக்கும் ஒரு வில் அதன் கறுப்பிலும் புள்ளிகளிலும் கரைந்துபோகும். 1974 பிப்ரவரியில் ஸ்விக்கி காலமானபோது, 37 ஆண்டுகளுக்கு முன் அவர் ஏறக்குறைய நிச்சயம் என்று எழுதியது ஒன்றுகூட நிகழ்ந்திருக்கவில்லை.

முதலில் வந்தது, எதிர்பார்த்த திசையிலிருந்து அன்று. சப்தரிஷி மண்டலத்தின் திசையில் ரேடியோ அலைகளை வீசும் ஒரு பொருளைத் தேடிய டென்னிஸ் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர், அங்கே ஆறு விகலை இடைவெளியில் இரண்டு நீலப் புள்ளிகள் இருக்கக் கண்டார். 1979 மார்ச்சில் அரிஸோனாவின் கிட் பீக் மலையில் அவரும் கார்ஸ்வெல்லும் அவற்றின் நிறமாலைகளை எடுத்தபோது, இரண்டுமே குவேஸார் எனப்படும், மிகத் தொலைவில் பேரொளி வீசும் பொருள்கள் என்பதோடு, இரண்டின் கோடுகளும் ஒரே அளவு பெயர்ந்து, உடன்பிறந்தவையும் இவ்வளவு ஒத்திரா என்னும்படி இருந்தன. ஒரே குவேஸாரின் இரண்டு உருவங்கள் அவை என்று வேமன் என்பவரையும் சேர்த்து மூவரும் எழுதிய கட்டுரை 1979 மே 31ஆம் தேதி நேச்சர் பத்திரிகையில் வெளிவந்தது. எடிங்டன் பிரின்ஸிபே தீவில் தகடு எடுத்து அப்போது 60 ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே, இடையில் நின்று ஒளியை வளைத்த மண்டலமும், அம்மண்டலத்தைத் தன்னுள் அடக்கிய ஒரு திரளும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆறு விகலை என்னும் அகன்ற இடைவெளிக்கு மண்டலத்தோடு திரளும் துணைநின்றது தெரிந்தது. ஆனால் திரள் அங்கே துணைதான். முதன்மையாகப் பேசியது மண்டலம்.

திரளே முன்வந்து பேசிய நாள் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. அதற்கு வழி செய்தது ஒரு சிலிக்கன் சில்லு. 1969இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி. என்னும் அந்தக் கருவி, விழும் ஒளியில் பாதிக்கு மேற்பட்டதை எண்ணிக் கணக்கில் சேர்க்கக்கூடியது. 1985இல், ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையுச்சியில், பிரான்ஸும் கனடாவும் ஹவாயும் சேர்ந்து நடத்தும் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் இத்தகைய சில்லைப் பொருத்தி, பிரான்ஸின் தூலூஸ் நகரத்துக் குழுவினரான ழெனவியேவ் ஸூகாய், பெர்னார் போர், யானிக் மெலியே, ழான் பியேர் பிக்கா ஆகியோர், ஏபெல் பட்டியலில் 370ஆம் எண்ணுடைய திரளைப் படம் பிடித்தார்கள். அவர்கள் தேடிச் சென்றது வில்லையை அன்று. திரளின் மண்டலங்களுடைய பிரகாசத்தையும் நிறத்தையும் அளப்பதே நோக்கம். படத்தில், திரளின் இரண்டு பெரிய மண்டலங்களுள் ஒன்றின் பக்கமாக, இருபது விகலைக்கு மேல் நீண்டு, ஒன்றிரண்டு விகலையே அகன்று, ஒரு பெரிய வட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததுபோல் ஒழுங்காக வளைந்து ஒரு ஒளிக்கீற்று கிடந்தது. சுற்றியிருந்த மண்டலங்கள் முதிர்ந்த நட்சத்திரங்களால் செம்மஞ்சளாயிருக்க, இது மட்டும் நீலமாயிருந்தது.

1987 ஜனவரியில், பாஸடீனாவில், அதாவது ஸ்விக்கி வாழ்நாளெல்லாம் உழைத்த அதே நகரில் கூடிய அமெரிக்க வானியல் சங்கத்தில், ரோஜர் லிண்ட்ஸும் வாஹே பெட்ரோஸியானும், கிட் பீக்கின் 4 மீட்டர் தொலைநோக்கியில் தாங்கள் கண்டதாக இதே வில் வடிவக் கீற்றையும் வேறொரு திரளிலுள்ள மற்றொன்றையும் அறிவித்தார்கள். தூலூஸ் குழுவின் கட்டுரையும் அதே ஆண்டில் வந்தது. பொருள் திரளின் தூரத்திலேயே இருப்பதாகக் கொண்டால் அதன் நீளம் சுமார் மூன்று லட்சம் ஒளியாண்டு; பால்வீதியின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு. இப்படியொரு வஸ்து எவ்வாறு உண்டாகும்? மண்டலங்கள் உரசியபோது பிய்ந்த நட்சத்திரத் தாரை என்றார்கள் சிலர்; வாயு நசுங்கிப் புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் விளிம்பு என்றார்கள் வேறு சிலர்; என்றோ ஒரு குவேஸார் பளிச்சிட்ட ஒளி தூசியில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்ற யூகமும் எழுந்தது. பிரின்ஸ்டனில் இருந்த போலந்து நாட்டு அறிஞர் பாச்சின்ஸ்கி, இது பின்னாலுள்ள ஒரு மண்டலத்தின் நீண்டுபோன உருவமே என்று அவ்வாண்டே எழுதியதோடு, உண்மையைப் பரீட்சிக்கும் வழியையும் காட்டினார்: வில் திரளுக்குச் சொந்தமானால் அதன் நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சி திரளின் பெயர்ச்சியோடு ஒத்திருக்கும், வில்லையின் வேலையானால் அது திரளினும் மிக்கதாகவும், வில்லின் ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே அளவினதாகவும் இருக்கும்.

சோதனை சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நிறமாலைமானியில் ஒளி ஒரு நேரான ஒடுங்கிய பிளவு வழியாகப் புகுவதே வழக்கம். வளைந்த கீற்றின்மேல் நேர்ப்பிளவை வைத்தால் அதன் ஒரு துண்டுதான் உள்ளே அகப்படும், எஞ்சிய ஒளி வீணாகும். இந்தக் கீற்றிலோ வீணாக்குவதற்கு ஒளியே கிடையாது. தூலூஸ் குழுவினர் சிலி நாட்டு லா ஸில்யா மலைக்குச் சென்று, ஐரோப்பியத் தென் வானாராய்ச்சி நிலையத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கியில், பிளவையே வில்லின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து வெட்டிப் பொருத்தினார்கள். கீற்று முழுவதும் அந்த வளைந்த வழியாக உள்ளே புகுந்தது. கிடைத்த நிறமாலையில், புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் மண்டலங்களில் ஆக்ஸிஜன் வீசுவதும், சோதனைச் சாலையில் 3,727 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு உரியதுமான கோடு, 6,425 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய இடத்தில் வந்து நின்றது. பெயர்ச்சி 0.724, திரளின் பெயர்ச்சியோ 0.374. திரளிலிருந்து ஒளி புறப்பட்டுச் சுமார் 400 கோடி ஆண்டு ஆகிறது. வில்லின் ஒளி அதற்கும் இருநூறு கோடி ஆண்டுக்கு மேல் முந்திப் புறப்பட்டது. 1988இல் இது பிரசுரமானதும் தாரை, விளிம்பு, எதிரொலி என்ற யூகங்களுக்கு அந்த வில்லைப் பொறுத்தவரை இடமில்லாமற் போயிற்று. நீல நிறத்தின் காரணமும் விளங்கிற்று: இளம் நட்சத்திரங்கள் நிறைந்த பின்மண்டலத்தின் நிறத்தை, நிறபேதம் பாராத ஆகர்ஷணம் அப்படியே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இனி எடையின் செய்தி. வில் எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் ஆரமும், திரளின் தூரமும், பின்மண்டலத்தின் தூரமும் தெரிந்துவிட்டால், வட்டத்துக்குள் அடங்கிய எடை கணக்கிலிருந்து தானே வெளிவருகிறது. அந்த எடை சூடாயிருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா, ஓடுகிறதா நிற்கிறதா, கூட்டம் அடங்கியதா சிதறுவதா என்று ஒளி கேட்பதில்லை. எவ்வளவு என்பது ஒன்றே அதற்குப் பொருட்டு. ஏபெல் 370இன் நடுப்பகுதிக்குக் கிடைத்த விடை, கோடி கோடி சூரியன்கள் என்னும் அளவை ஒட்டியது. அங்கே ஒளிரும் நட்சத்திரங்களின் எடையையெல்லாம் கூட்டினாலும் அதில் மிகச் சிறு பங்குக்கே ஈடாகும். இதற்கிடையே, 1970இல் ஏவப்பட்ட உஹுரு என்னும் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள், திரள்களின் மண்டலங்களுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு நிரம்பியிருப்பதைக் காட்டியிருந்தது. அந்த வாயு மண்டலங்களின் எடையையும் மிஞ்சுவது என்பதும் பின்னர்த் தெரிந்தது. அதையும் கணக்கில் வரவு வைத்தார்கள். அப்போதும் பெரும் பங்கு பற்றாக்குறையாகவே நின்றது.

இரு சாட்சிகளும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள் என்பதில் மட்டும் இந்த நிகழ்ச்சியின் முக்கியத்துவம் அடங்கிவிடவில்லை. ஒரே ஊகத்திலிருந்து பிறந்த இரண்டு கணக்குகள் ஒத்துப்போவதில் என்ன விசேஷம்? இங்கோ அப்படியன்று. மண்டலங்களின் வேகம் நியூட்டன் காலத்து இயக்க விதிகளைக் கொண்டு பேசியது. வில் ஐன்ஸ்டைனின் விதியைக் கொண்டு பேசியது. முன்னது திரளின் நெடுங்கால அமைதியை நம்பியது. பின்னதற்கு அந்த நம்பிக்கை வேண்டியிருக்கவில்லை. ஒன்றில் நேரக்கூடிய பிழை மற்றொன்றில் நேர இடமில்லை. அம்பார்ட்ஸுமியான் எழுப்பிய ஆட்சேபம் முதற் சாட்சியின் யோக்கியதையைப் பற்றியது. இரண்டாம் சாட்சி அந்த ஆட்சேபம் தன்னைத் தொடாத இடத்தில் நின்றுகொண்டு அதே எடையைச் சொல்லிற்று. ஆகவே 1933இல் ஒரு முரட்டு மனிதரின் துணிவாக இருந்தது, 1988க்குப் பின் மறுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. சார்பியலைப் பரீட்சிக்கப் பயன்பட்ட ஒளி வளைவு, இப்போது சார்பியலை உண்மையென்று கொண்டு, காணாத பொருளை நிறுக்கும் தராசாக மாறிவிட்டது. சோதிக்கப்பட்டதே சோதிக்கும் கருவியாவது விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதே என்றாலும், இவ்வளவு துலக்கமாக நிகழ்ந்த இடங்கள் சிலவே.

எனினும் இந்தச் சாட்சியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னாலுள்ள ஒரு மண்டலம் திரளின் நடுவுக்கு ஏறக்குறைய நேராக அமையும் பாக்கியம் வாய்த்தாலன்றி இத்தகைய பெரிய வில் தோன்றாது. தோன்றினாலும் அது தன் வட்டத்துக்குள் அடங்கிய எடையையே சொல்லும். வட்டத்துக்கு வெளியே லட்சக்கணக்கான ஒளியாண்டு பரந்துகிடக்கும் திரளின் எஞ்சிய பகுதியைப் பற்றி மௌனம் சாதிக்கும். அந்தப் புறப்பகுதியிலும் ஒளி வளையத்தான் செய்கிறது; ஆனால் ஒவ்வொரு மண்டலத்தின் உருவமும் கண்ணுக்குப் புலப்படாத சிறு அளவிலேயே கோணலாகிறது. ஆயிரக்கணக்கான அந்தச் சிறு கோணல்களைத் திரட்டித் திரள் முழுவதற்கும் எடை காணும் உபாயத்தை 1990இல் டைஸனும் அவருடைய தோழர்களும் செய்து காட்டினார்கள். பின்னர், ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இரண்டு திரள்களில் வாயு ஓரிடத்திலும் எடை வேறிடத்திலும் பிரிந்து நிற்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரின் பெயர் தாங்கிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் துணையோடு 2006இல் கண்டார்கள். இவ்விரண்டையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)